மூன்றாம் நம்பர் மோட்டரும் இருபத்தொன்பது யூனிட்டும்

தொழிற்சாலைக் குவாட்டஸ்,
லுணுகலைக்கு மேலே.
ஞாயிற்றுக்கிழமை

பேரன்புக்குரிய கிருஷ்ணராஜ் அண்ணனுக்கு,

தங்கை யசோதினி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரர், வீட்டுக் கூரை மூவரும் இதுவரை மழையைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். தோஹாவில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும், உங்களையெல்லாம் குளிர வைத்துக்கொண்டிருக்கும் இயந்திரங்களும் குறைவில்லாமல் இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை முருகனிடம் சொல்லியிருக்கிறேன். வட்ஸ்அப் இருக்கும் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். வட்ஸ்அப்பில் நான் எதை எழுதினாலும் நீங்கள் வாசிக்கும் முன்பே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிடுகிறீர்கள். என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட செய்திக்கும் அதே கட்டைவிரல்தான் வந்தது. இந்த வெற்றியை அந்த விரலிடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை. ஆகவே உட்கார்ந்து, முழுவதுமாக வாசியுங்கள். இது நீங்கள் தோற்றுப்போன கதை.

நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழுதான மோட்டர் எவ்வளவு கரண்டை வீணாக்குகிறது என்று கழற்றாமலே கண்டுபிடிக்க முடியுமா என்று உங்களிடம் கேட்டேன். “ஓடுற எடத்துல வச்செல்லாம் சொல்ல முடியாதும்மா. கழட்டணும், டெஸ்ட் பெஞ்சுல ஏத்தணும், பிரேக் போட்டுப் பாக்கணும். அதெல்லாம் எங்க வேல. நீ பிள்ளைங்களுக்குப் பாடத்தச் சொல்லிக் குடு” என்று குரல் பதிவு அனுப்பினீர்கள். பின்னணியில் அண்ணி சிரிப்பதும் கேட்டது. அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. இனியும் அழிக்கமாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பிக் காற்று விட்டு வாட வைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தொட்டிக்கு ஒரு பெரிய காற்றாடி, காற்றாடிக்கு ஒரு மோட்டர், மொத்தம் நான்கு. மாடிக்கென்று தனி மீட்டர் இருக்கிறது. அந்த மீட்டரைத் தாண்டித்தான் தொழிற்சாலைக்குப் பின்னால் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் பன்னிரண்டு காம்பரா லயத்துக்கும் விளக்கெரிக்க ஒரு கம்பி போகிறது. அது யார் காலத்தில் இழுத்த கம்பியோ, இன்றுவரை யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரை கவலைப்பட்டார். அவர் கெட்டவரில்லை, ஆனால் கணக்கில் ஒரு யூனிட் இடறினாலும் தூக்கம் வராத ஜாதி. போன வருடத்தைவிட மாடி மீட்டர் ஒவ்வொரு நாளும் முப்பது யூனிட் போலக் கூடுதலாக ஓடுவதைக் கண்டுபிடித்துவிட்டார். கொழுந்து கூடவில்லை, காற்றாடி கூடவில்லை, கரண்ட் மட்டும் கூடியிருக்கிறது என்றால் லயத்து ஆட்கள் திருடுகிறார்கள் என்பதுதான் அர்த்தம் என்று முடிவு கட்டிவிட்டு, வேலைக்குப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: “திருடினவங்க ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்து சொல்லணும். சொல்லலைன்னா திங்கக்கெழமை லயத்துக் கம்பிய வெட்டுறது.”

வெட்ட வேண்டிய ஆள் தொழிற்சாலையின் எலக்ட்ரீசியன், அதாவது என் வீட்டுக்காரர், உங்கள் மச்சான் புவனேந்திரன். பாவம் மனிதர், அன்றிலிருந்து சோற்றைப் பிசைவதோடு சரி. அந்த லயத்தில்தான் அவர் பிறந்தார். என் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் நான்கு பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள், பரீட்சைக்கு இன்னும் சில வாரங்கள்தான். குப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு ‘மின்னோட்டத்தின் வெப்ப விளைவு’ படிக்கச் சொல்ல என்னால் முடியாது. துரையின் உத்தரவுப்படி இவரும் தொழிற்சாலைப் பொறுப்பாளர் டீமேக்கர் அய்யாவும் காம்பரா காம்பராவாகத் தேடினார்கள். கிடைத்தது ஒரு அயன் பெட்டி, சில போன் சார்ஜர்கள், அழகையா வீட்டுச் சாமித் தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்த ஒரு கிரைண்டர். மகளின் கல்யாணத்துக்கு வந்த பரிசாம். பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படவில்லை. “ஓட்டுனா கரண்டு இழுக்குமேங்க, அதான் கும்புடுறதோட நிப்பாட்டிக்கிட்டோம்” என்றாராம் அழகையா. துரை அதையும் சந்தேகத்தோடுதான் கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறேன், வாசலில் ரெங்கம்மா நிற்கிறாள். மாடியில் கொழுந்து பரப்பும் பெண்களுக்குத் தலைவி மாதிரி. கங்காணியையே கேள்வி கேட்கிறவள். அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

“டீச்சரம்மா, திருடுனது நாங்கதான்.”

“நாங்கன்னா யாரு ரெங்கம்மா?”

“மாடியில நிக்கிற பொம்பளைங்க அம்புட்டுப் பேரும்தான். மூணாம் நம்பரு மோட்டருக்கு மேல தெனமும் ரொட்டிய வச்சு சூடு பண்ணித்தானே திங்கிறோம். மழைன்னா பிள்ளைங்க சட்டையையும் அதுமேல போட்டுக் காய வைக்கிறோம். அம்புட்டு கரண்டையும் எங்க ரொட்டிதான் உறிஞ்சிருக்கு. நா போயி தொரைகிட்ட ஒத்துக்கிறேன். என் பேர வெட்டுனாலும் வெட்டட்டும், லயத்து லைட்ட வெட்டாம இருந்தாச் சரி.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

“சிரிக்காதீங்க. களவு, ரொட்டிக்குன்னாலும் களவுதான்.”

“சரி, சிரிக்கல. ஏன் மூணாம் நம்பருல மட்டும் வைக்கிறீங்க? நாலு மோட்டரு இருக்குல்ல?”

“மத்த மூணும் கஞ்சப்பய மோட்டருங்க டீச்சரம்மா. காலையில வச்சா பொழுதுக்கும் வெதுவெதுன்னுதான் இருக்கும். மூணாம் நம்பருதான் மகராசன். அள்ளிக் குடுப்பான்.”

அண்ணா, நான் பதினேழு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ‘சக்தி அழியாது, உருமாறும்’ என்று கரும்பலகையில் எழுதி எழுதியே என் வலது தோள் சற்று உயர்ந்துவிட்டது. அந்த வாக்கியம் என் வாசலில் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை. காணாமல் போன கரண்ட் எந்த லயத்துக்கும் போகவில்லை. அது மாடியிலேயே, மோட்டரின் முதுகிலேயே, சூடாக உட்கார்ந்திருக்கிறது. ரொட்டி அதை உறிஞ்சவில்லை. வீணாய்ப் போனதில் ஒரு துளியைப் பொறுக்கிக்கொண்டது, அவ்வளவுதான். இதை ரெங்கம்மாவுக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப நாங்க திருடல, மோட்டரு திருடிக் குடுத்துச்சு, நாங்க வாங்கிக்கிட்டோம்னு சொல்லுறீங்க. அது இன்னும் மோசமால்ல இருக்கு?” என்று கேட்டாள். ஞாயிறு வரை வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கி அனுப்பினேன்.

உங்கள் மச்சானிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அவர் வளர்த்த பிள்ளையை நான் நோயாளி என்று சொன்ன மாதிரி.

“அது நின்னுச்சா? ஒரு நாளாவது நின்னுச்சா யசோ? மாசா மாசம் கிரீஸ் போட்டு, மாசா மாசம் தொடச்சு வச்சிருக்கேன். ஓடிக்கிட்டு இருக்குறதப் போயி பழுதுங்கிற.”

“ஓடுறதுதாங்க பிரச்சினையே. நின்னுருந்தா அன்னைக்கே பாத்திருப்பீங்க.”

நான் சொன்னதே எனக்கு எங்கோ உறைத்துவிட்டது. வேலை நடக்கும்வரை யாரும் யாரையும் தொட்டுப் பார்ப்பதில்லை. உள்ளே ஏதோ உடைந்து, அந்த உடைவையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அதே வேலையைச் செய்து முடிக்கிறவர்களுக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறது என்று எந்த மீட்டரும் தனியாகக் காட்டுவதில்லை. அன்றிரவுதான் உங்களுக்கு எழுதிக் கேட்டேன். நீங்கள் டெஸ்ட் பெஞ்ச் என்றீர்கள். எங்களிடம் இருக்கும் ஒரே பெஞ்ச் பள்ளிக்கூட பெஞ்ச்தான், அதற்கும் ஒரு கால் இல்லை.

சனிக்கிழமை மாடிக்குப் போனேன். கொரோனா காலத்தில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளின் நெற்றியில் பிடித்தோமே, அந்தக் காய்ச்சல் துப்பாக்கி அலுமாரியில் சும்மாதான் கிடந்தது. அதைக் கொண்டுபோய் மூன்றாம் நம்பரின் முதுகில் பிடித்தேன். அது வாழ்நாளில் இப்படியொரு காய்ச்சலைக் கண்டதில்லை போல, சிவப்பு விளக்கைப் போட்டுக் கீச்சுக் கீச்சென்று அலறத் தொடங்கிவிட்டது. “அடியே, மோட்டருக்குக் கொரோனாடி!” என்று ஒருத்தி கத்த, இன்னொருத்தி உண்மையாகவே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இரண்டு தொட்டி தள்ளிப் போய் நின்றாள். சரி, மனிதக் காய்ச்சலுக்குச் செய்த கருவி இதற்கு உதவாது என்று பள்ளிக்கூட ஆய்வுகூடத்து வெப்பமானிகள் இரண்டை எடுத்தேன். அது மோட்டரின் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். ஒட்ட என்ன இருக்கிறது? ரெங்கம்மா நாளைய ரொட்டிக்குப் பிசைந்த மாவில் இரண்டு உருண்டை தந்தாள். முதலில் மூன்றாம் நம்பரில் ஒட்டிவிட்டு, இரண்டாம் நம்பருக்கு இன்னொன்று ஒட்டிவிட்டுத் திரும்பி வருகிறேன், வெப்பமானி இருக்கிறது, மாவைக் காணவில்லை.

“வெந்துருச்சுங்க டீச்சரம்மா. கருகிப் போகுமேன்னு…” என்று வாயை மென்றபடியே சொன்னாள் ஒருத்தி.

அடுத்த உருண்டையில் கிரீஸைக் கலந்து ஒட்டினேன். அதற்குப் பிறகு விஞ்ஞானம் தடையில்லாமல் நடந்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன், கவனியுங்கள் எஞ்சினியர் அவர்களே. நான்கு மோட்டர்களும் ஒரே கம்பனி, ஒரே அளவு, ஒரே மாதிரிக் காற்றாடியைத்தான் சுற்றுகின்றன. மாடியின் காற்று இருபத்திரண்டு பாகை. நல்ல மோட்டரின் உடம்பு நாற்பத்தாறு, அதாவது காற்றைவிட இருபத்துநான்கு பாகை கூடுதல். மூன்றாம் நம்பரின் உடம்பு எண்பத்துநான்கு, கூடுதல் அறுபத்திரண்டு. ஒரே மாதிரி உடம்பு ஒரே காற்றில் இரண்டரை மடங்குக்கும் சற்று மேலாகச் சூடேறியிருந்தால், அதற்குள்ளே வீணாவதும் அவ்வளவு மடங்குதானே? மோட்டரின் தகட்டில் போட்டிருக்கும் எண்களிலிருந்து, நல்ல மோட்டரே மணிக்கு ஒரு யூனிட்டை வீணாக்குகிறது என்று கண்டேன். அது எல்லா மோட்டருக்கும் உள்ள இயல்பான இழப்பு. அப்படியானால் மூன்றாம் நம்பர் அதற்கு மேல் ஒன்று தசம் ஆறு யூனிட்டை வீணாக்க வேண்டும். காற்றாடி பதினெட்டு மணி நேரம் ஓடுகிறது. பெருக்கினால் இருபத்தொன்பது. மாடித் தரையில் சோக்கட்டியால் எழுதிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் உங்கள் மச்சானுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் மீட்டரை எடுத்துவந்து மூன்றாம் நம்பருக்குப் பிடித்தார். எண் ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஏறி இறங்கி ஏறி இறங்கி, மேட்டில் ஏறுகிற கிழவரின் மூச்சு மாதிரி. சுற்றும் சில்லில் சோக்கால் கோடு போட்டு போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தோம். மற்றவற்றைவிட அது மெதுவாகத்தான் சுற்றியது. “உள்ள சுத்துற உருளையில கம்பி விட்டிருக்கும்போல யசோ” என்றார் அவர், தாழ்ந்த குரலில், ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவது போல.

ஞாயிறு காலை துரை மாடிக்கு வந்தார். லயமே படிக்கட்டில் நின்றது. நான் தொண்டையைச் செருமி, “சக்தி அழியாது” என்று தொடங்கினேன், அதற்குள் ரெங்கம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டாள். பின்னாலேயே மற்ற பெண்களும், ஆளுக்கொரு ரொட்டிப் பொட்டலத்தோடு.

“தொரை, டீச்சரம்மாவ ஏசாதீங்க. எல்லாம் எங்க ரொட்டிதான். இந்தா பாருங்க, தொட்டுப் பாருங்க, இன்னும் சூடா இருக்கு!”

நான் அவளிடம் வாங்கிய வெள்ளிக்கிழமைச் சத்தியம் காற்றோடு போயிற்று. துரை ரொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ரொட்டிக்கு முப்பது யூனிட்டா?”

வேறு வழியில்லை, நான் அந்த ரொட்டியையே பிடித்துக்கொண்டேன். “தொரை, ரெண்டாம் நம்பருக்கு மேல கைய வைங்க.” வைத்தார். “இப்ப மூணாம் நம்பருக்கு.”

“அம்மோ!” என்று கையை உதறிக்கொண்டார். படிக்கட்டில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றினார்கள். ஆனால் மனிதர் விடவில்லை. “டீச்சர், மோட்டர் சூடுன்னா லயத்துல களவு இல்லன்னு ஆகுமா?”

நியாயமான கேள்வி, அண்ணா. என் மாணவர்கள் யாரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை. எனக்கு என்ன துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. “ஸ்டோர்ல ஒரு மோட்டர் சும்மா கெடக்கு. மூணாம் நம்பரக் கழட்டிட்டு அத மாட்டுங்க. ஒரு முழு நாள் ஓட்டிட்டு மீட்டரப் பாருங்க. இருபத்தொம்பது யூனிட் கொறஞ்சிருக்கும். கொறையலன்னா நீங்க கம்பிய வெட்டுங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பன்னிரண்டு வீட்டு விளக்குகளையும் ஒரு ரொட்டி மாவு உருண்டையில் ஒட்டி வைத்துவிட்டேன் என்று புரிந்தது. உங்கள் மச்சான் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. துரை யோசித்துவிட்டு, “ஒரு நாள்” என்றார்.

அன்று மாலையே இவர் மோட்டரை மாற்றினார். மறுநாள் முழுக்க நான் வகுப்பில் என்ன படிப்பித்தேன் என்று எனக்கே தெரியாது. செவ்வாய் காலை மீட்டருக்கு முன்னால் கோயில் திருவிழா மாதிரிக் கூட்டம். துரையே குனிந்து வாசித்தார், போனில் கழித்தார், மறுபடியும் வாசித்தார், மறுபடியும் கழித்தார். பிறகு நிமிர்ந்து, “இருபத்தொன்பது” என்றார்.

இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது, அண்ணா! ஒரு யூனிட் கூடவுமில்லை, குறையவுமில்லை. பெஞ்சும் இல்லை, பிரேக்கும் இல்லை. வெப்பமானியும் கிரீஸ் கலந்த ரொட்டி மாவும்தான். தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசைக் கொண்டுவந்து பற்ற வைத்தார்கள், நனைந்திருந்ததால் வெடிக்கவில்லை, பிள்ளைகள் வாயாலேயே வெடித்தார்கள். ரெங்கம்மா என் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தாள். அடுத்த நாள் பெரட்டில் துரை எல்லோருக்கும் முன்னால், “லயத்து ஆளுங்க மேல சந்தேகப்பட்டது என் தப்பு. கம்பி அப்படியே இருக்கட்டும். டீச்சர் கணக்கு சரி” என்று சொன்னார். தோட்டத்துப் பெரட்டில் ஒரு துரை தப்பு என்று சொன்னதை இங்கே யாரும் கேட்டதில்லையாம். மாலையில் என் நான்கு பிள்ளைகளும் விளக்கடியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பது எங்கள் குவாட்டஸ் வரை கேட்டது. இரண்டு பேர் தப்பாகப் படித்தார்கள். போய்த் திருத்தவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை மூன்றாம் நம்பரைத் தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனோம். பஜாரில் மோட்டர் திருத்தும் ஹுமைத் நானா அதைப் பிரித்து, உள்ளே சுற்றும் உருளையை வெளிச்சத்தில் பிடித்தார். “மூணு கம்பி உடஞ்சி ஈக்கி. இவ்வளவு காலம் இது ஓடினதே பெரிய விசயம். தொறக்காம இத யாரு கண்டுபிடிச்ச?” என்று கேட்டார். உங்கள் மச்சான் ஒரு நிமிடம் கிரீஸ் படிந்த கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “என் பொஞ்சாதி” என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவர் இவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிளக் விலை விசாரிப்பது போல நடித்தேன்.

ஆகவே அண்ணா, இனி அந்தக் குரல் பதிவை நீங்களே ஒருமுறை போட்டுக் கேளுங்கள், அண்ணியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. வயதில் மூத்தவர் என்பதால் மன்னிப்புக் கேட்கச் சொல்லமாட்டேன். ‘பழுதான மோட்டரின் இழப்பை ஓடும் இடத்திலேயே மதிப்பிடலாம்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நோயில்லாமல், கரண்ட் தடையில்லாமல், மனமும் குளிர்ந்து நீடூழி வாழ முருகன் துணை இருப்பான். அண்ணிக்கு என் அன்பு. சின்னவனுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
ஒரு யூனிட்டும் பிசகாத தங்கை,
யசோதினி

பி.கு: உறையை ஒட்டும் முன் உங்கள் மச்சானிடம் வாசிக்கக் கொடுத்தேன். ‘இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது’ என்ற இடம் வந்ததும் கடிதத்தை மடியில் வைத்துவிட்டு, “யசோ, அந்த எண்ண மட்டும் அண்ணனுக்கு எழுதாத” என்றார். ஏன் என்று கேட்டேன். போன மழைக்கு நான் குளிர் தாங்கவில்லை என்று முணுமுணுத்தபோது, குளியலறைத் தொட்டிக்குத் தண்ணீர் சுட வைக்க ஒரு கொயில் போட்டுத் தந்தார். பக்கத்தில் ஓடிய கம்பி குவாட்டஸ் கம்பி என்று நினைத்து அதில் மாட்டியிருக்கிறார். மோட்டரை மாற்றிய மாலையில் கம்பிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபோதுதான் அது மாடி மீட்டரிலிருந்து வருகிறது என்று தெரிந்ததாம். சத்தமில்லாமல் பிடுங்கிவிட்டாராம். கொயில் எரிந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார், நானும் நம்பி ஒரு வாரமாகப் பச்சைத் தண்ணீரில் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். “அப்ப மோட்டர் எவ்வளவு கொறச்சிச்சு?” என்றேன். “இருபத்தஞ்சு இருக்கும்.” “மிச்சம் நாலு?” அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மிச்சம் நீ குளிச்சது.”

நாளைப் பெரட்டுக்குப் போய்த் துரையிடம் சொல்லத்தான் போகிறேன். மோட்டரின் பங்கு இவ்வளவு, என் பங்கு இவ்வளவு என்று பிரித்தே சொல்வேன். லயத்துக்கு ஒன்றும் வராது, களவு லயத்துக்கு வெளியே நடந்திருக்கிறது. ஆனால் அண்ணியிடம் கடிதத்தைக் கொடுக்கும் முன், தயவுசெய்து, என் கையெழுத்துக்குக் கீழே ஒரு ஸ்கேலை வைத்து நேராகக் கிழித்துவிடுங்கள்.